ஜப்பானில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டவன்

ஜப்பானிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் முத்துவேல் செய்த முதல் வேலை, தன் வீட்டுத் தறிக்கூடத்துத் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நடக்க வேண்டும், அந்தப் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்றான். இரண்டு பட்டுத்தறியைப் போட்டபின் அந்தக் கூடத்தில் மீதமிருப்பது ஒரு ஆள் நுழைகிற சந்து. அதற்குள் கோட்டை மிதிக்காமல் போக வேண்டுமானால் பக்கவாட்டில்தான் போக முடியும். அவனுடைய அப்பா குப்புராஜ் பெரியப்பா அன்று முழுவதும் நண்டு மாதிரி நடந்தார்.

எங்கள் வீடு அடுத்த வீடு; சொந்தமில்லை, பழக்கத்தில்தான் பெரியப்பா, சித்தப்பா எல்லாம். நடுவில் ஒரே சுவர். எங்கள் அப்பா மைக்கேல்ராஜும் தறிக்காரர்தான். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். முத்துவேல் என்னைவிட நான்கு வயது பெரியவன். நேரில் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, அரை வருடம் ஜப்பான் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கத் தேர்வானான். அவன் கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். "ஜப்பானை வெல்லப் புறப்பட்ட ஆரணிச் சிங்கமே!" என்று போட்டு, பின்னணியில் சீனப் பெருஞ்சுவரை அச்சடித்திருந்தார்கள். முத்துவேல் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அது எந்த நாட்டுச் சுவர் என்று அவனும் பார்க்கவில்லை.

அங்கே அவன் படித்தது உற்பத்தி மேலாண்மை. வாரத்தில் ஒரு நாள் பேராசிரியர் மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கார் பாகம் செய்கிற தொழிற்சாலை, ஸ்குரூ செய்கிற தொழிற்சாலை, ரொட்டித் தொழிற்சாலை, சோயா சாஸ் தொழிற்சாலை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் செருப்பைப் போட வேண்டும். தலைக்குத் தொப்பி. முன்னால் ஒரு பெண் சின்னக் கொடி பிடித்துக்கொண்டு நடப்பார். முடிவில் ஒரு குரூப் போட்டோ, கையில் ஒரு சின்னப் பரிசு. சோயா சாஸ் தொழிற்சாலையில் கொடுத்த சின்ன பாட்டிலை அவன் அம்மா சாவித்திரி பெரியம்மா இன்றைக்கும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அவன் வந்த வாரத்தில் எங்கள் அப்பா வாசலில் டீ குடித்துக்கொண்டே அவனிடம் விசாரித்தார்.

"எத்தினி பேக்டரி பாத்த, முத்துவேலு?"

"முத்து சான்னு கூப்டுங்க சித்தப்பா. அங்க மரியாதையா எல்லாரும் அப்டித்தான் கூப்டுவாங்க."

"வேல் இன்னாடா ஆச்சு? ஏர்போர்ட்ல புடிங்கிகினானா?"

முத்துவேல் சிரிக்கவில்லை. "பதினொரு பேக்டரி பாத்தேன்" என்றான்.

"பதினொண்ணுலயும் இன்னா வேல செஞ்ச?"

"வேல செய்யல. அப்சர்வ் பண்ணோம். மேல கண்ணாடி போட்ட வழி இருக்கும். அதுல நடந்துகினே கீழ பாக்கணும்."

"எதையாவது தொட்டியா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "கைப்பிடிக் கம்பிய. படி ஏறும்போது அத கண்டிப்பா புடிக்கணும். அங்க அது ரூல், சித்தப்பா."

எங்கள் அப்பா டீயை மூக்கு வழியாக விட்டார்.

ஆனால் முத்துவேலுக்கு எங்கள் தெருவைப் பார்த்துச் சிரிக்க இதைவிட அதிகம் காரணம் கிடைத்தது. "இங்க சிஸ்டம் இல்ல" என்பான். தறி ஓட்டும்போது பாட்டு போடுகிறார்கள், சிஸ்டம் இல்லை. தறிமேடையில் உட்கார்ந்தே சாப்பிடுகிறார்கள், சிஸ்டம் இல்லை. சாயம் போட்ட நூலைக் கொண்டுவருகிற ஆள் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் பேசுகிறான், சிஸ்டம் இல்லை. தினமும் காலையில் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்து, "இன்று விபத்து இல்லாமல் வேலை செய்வோம்" என்று கைநீட்டிச் சொல்ல வைத்தான். லுங்கியோடு நின்று பெரியப்பா சொல்வார். காய் விற்கிற பெண்மணி தள்ளுவண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். பெரியப்பா என்னிடம், "புள்ள ஆசப்படறான்மா. சொன்னா வாய் தேஞ்சா பூடும்?" என்றார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அப்பாவைத் தெருவில் நிற்க வைத்து வேடிக்கை காட்டினான்; அப்பா அதைப் பிள்ளையின் ஆசை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்கு உதவித்தொகை கிடைக்க, அவனுக்குப் பாடம் எடுத்த நிஷிமுரா என்ற பேராசிரியை சிபாரிசு எழுதித் தர வேண்டும். அந்த அம்மா பங்குனி மாதம் ஆறு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவதாக இருந்தார். காஞ்சிபுரம் பார்த்துவிட்டு ஆரணி வழியாகத் திருவண்ணாமலை போகிறார்கள். வழியில் முத்துவேலின் "குடும்பத் தொழிற்சாலை"யைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

குடும்பத் தொழிற்சாலை எங்கிருந்து வந்தது? அவனே வகுப்பில் சொன்னதுதான். ஒவ்வொரு மாணவனும் தன் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமாம். இவன் எழுந்து, எங்களுக்குப் பட்டுத் தொழிற்சாலை இருக்கிறது, இரண்டு யூனிட், என்று சொல்லியிருக்கிறான்.

"ஏங்கண்ணா, வீட்ல தறி இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"வீட்ல தறின்னா அவங்களுக்குப் புரியாது, ஜெசி."

அந்த இரண்டாவது யூனிட் எங்கள் வீடு. அவர்கள் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு எங்கள் கதவில் "யூனிட் 2" என்று அட்டை ஒட்டினான். "சர்ச்லருந்து ஃபாதர் வந்தா இன்னாடா நெனப்பாரு?" என்று எங்கள் அம்மா சாரா கேட்டார். அப்பா, "இருந்துட்டுப் போகட்டும் வுடு. பக்கத்து வூட்டுப் புள்ள முன்னுக்கு வரட்டும்" என்றார்.

இங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. யாரும் சட்டம் போட்டதில்லை, எப்போதும் அப்படித்தான். அன்று தறியைத் துடைத்து, துணி போட்டு மூடி, கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நூல் கொடுக்கிற கடை, சாயப்பட்டறை எல்லாம் அன்றைக்கு மந்தம்தான். தெருவில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூட அன்றைக்குச் சத்தம் இல்லை என்பது தெரியும். நெசவாளி வீட்டில் பிறந்த முத்துவேல் தேதி முடிவு செய்தபோது காலண்டரைப் பார்த்தான். ஆனால் ஸ்குரூ தொழிற்சாலையில் கொடுத்த காலண்டரைப் பார்த்தான். வீட்டில் நாள் கிழிக்கிற காலண்டர் மேலேயே அதை மாட்டியிருந்தான். பனிமலைப் படம் நன்றாக இருந்தது. அமாவாசை அதில் இல்லை.

நான்கு நாள் இருக்கும்போது எங்கள் அப்பாதான் கண்டுபிடித்தார். "டேய் சானு! உன் டீச்சர் வர்றது அமாவாசைல இல்ல வருது?"

முத்துவேல் முகம் வெளுத்துப்போனது. பனிமலையைத் தூக்கி அடியிலிருந்த காலண்டரைப் பார்த்தான். பங்குனி அமாவாசைதான்.

"ஒண்ணும் ஆயிடலண்ணா. அன்னிக்கு லீவுன்னு மெயில் போடுங்க" என்றேன். "வந்து தறிய சும்மா பாத்துட்டுப் போகட்டும். இல்லன்னா மொத நாள் வரட்டும்."

"உனக்கு ஜப்பான் தெரியாது. வேலை நாளான்னு மூணு தடவ கேட்டு மெயில் போட்டாங்க. மூணு தடவையும் 'ஆமாம், உறுதி'ன்னு போட்டேன். இப்ப மாத்தி சொன்னா என்னைப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

ஒரு வரி எழுதினால் முடிகிற வேலை. அதற்குத் துணிச்சல் இல்லாதவன், நேரே தன் அப்பாவிடம் போய், அமாவாசையன்று தறி ஓட்டச் சொன்னான். அதற்கு மட்டும் துணிச்சல் இருந்தது.

பெரியப்பா நாடாவைக் கீழே வைத்தார். "எங்கப்பன் செத்து காரியம் முடிஞ்ச அன்னிக்கே தறில உக்காந்தவன்டா நான். அமாவாசைல உக்காந்தது இல்ல."

"ஒரு மணி நேரம்ப்பா."

"ஒரு நாடா கூட இல்ல."

அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, உங்களுக்குத்தான் அமாவாசை கெடையாதே. நீங்க கிறிஸ்டியன்தானே?"

"எனக்கு அந்த அமாவாசை இல்லதான்" என்றார் அப்பா. "ஆனா உங்கப்பன் தறி நிக்கிறப்ப என் தறி ஓடுனா தெருவே காறித் துப்பும். அதுவும் இல்லாம, ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போணும், அது லீவு இல்ல. எனக்கு நெசமான லீவே அமாவாசதான்டா. அதையும் புடிங்கிகினு போறியே!"

மறுநாள் முத்துவேல் போனை எடுத்து வந்து, பெரியப்பா தறி ஓட்டுகிற சத்தத்தைப் பதிவு செய்தான். பிறகு ஒரு கறுப்பு ஸ்பீக்கரை எங்கள் வீட்டுத் தறியின் மேல் வைத்தான். திட்டம் இதுதான்: யூனிட் ஒன்றில் இன்று பராமரிப்பு நாள் என்று சொல்வான். யூனிட் இரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டு அழுக்காகிவிடும் என்பதால் உள்ளே அனுமதி இல்லை, வெளியில் நின்று சத்தத்தைக் கேட்கலாம் என்பான்.

"அங்கயும் எல்லாத்தையும் கண்ணாடி வழியாதான பாத்தோம். அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றான்.

அவன் இதைச் சொன்னபோது அவனுக்கு வெட்கம் வரவில்லை. பெருமையாகச் சொன்னான். பதினொரு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தவன் கண்டுபிடித்தது ஒரு ஸ்பீக்கர்.

அமாவாசையன்று காலை ஒரு சின்ன பஸ் தெருமுனையில் நின்றது. உள்ளே வர இடமில்லாததால் அவர்கள் நடந்து வந்தார்கள். நிஷிமுரா டீச்சர் ஐம்பது வயதுக்கு மேலிருப்பார். பருத்திச் சட்டை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பெரியப்பாவைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார். பெரியப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவர் இன்னும் கொஞ்சம். முத்துவேல் நடுவில் புகுந்து நிறுத்தாவிட்டால் இரண்டு பேரும் மஞ்சள் கோட்டில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நிதானமாகப் பேசியதால் எனக்குப் புரிந்தது. முத்துவேல் மூடிவைத்த தறியைக் காட்டி, பராமரிப்பு நாள் என்றான். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தான்; பெரியப்பாவும் பின்னாலேயே வந்தார். உள்ளேயிருந்து தடக் தடக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "முழு உற்பத்தி" என்றான். மாணவர்கள் மூடிய கதவை போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் அம்மாவிடம் கதவைத் திறக்கக் கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தான். ஆனால் வாசலுக்கு வந்த ஏழு பேரை ஒரு வாய் காபி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் அம்மாவால் ஆகிற காரியமில்லை. கதவு திறந்தது. அம்மா கையில் தட்டு, தட்டில் காபி. அம்மாவுக்குப் பின்னால் எங்கள் அப்பா பாயில் படுத்து ஒரு கையால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கும் பின்னால், துணி போர்த்திய தறி அசையாமல் நின்றது. அதன் உச்சியில் ஸ்பீக்கர், நீல விளக்கு மினுக்க, தடக் தடக் என்று நெய்துகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். அப்பா எழுந்து லுங்கியைச் சரிசெய்து, "வாங்க, வாங்க" என்றார்.

நிஷிமுரா டீச்சர் முத்துவேலைப் பார்த்தார். அப்போது அவன் பேசியதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தன் அப்பாவைக் கையால் காட்டி ஆங்கிலத்தில் சொன்னான்: "இவர்கள் படிக்காதவர்கள். மூடநம்பிக்கை. இன்றைக்கு நிலவு இல்லை என்று வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்ன செய்வது, சோம்பேறிகள்."

பெரியப்பா என் பக்கம் திரும்பி, "இன்னாமா சொல்றான்?" என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளை தன்னை ஏதோ அறிமுகம் செய்துவைக்கிறான் என்று நினைத்துச் சிரித்த முகமாக நின்றார்.

"இன்னிக்கு லீவுன்னு சொல்றாரு, பெரியப்பா" என்றேன்.

டீச்சர் கேட்டார்: "இந்த விடுமுறை திடீரென்று வந்ததா?"

"இல்லை. மாதாமாதம் வரும்."

"எல்லோருக்கும் முன்பே தெரியுமா?"

முத்துவேல் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தான். நான்தான், "தெரியும். காலண்டரில் போட்டிருக்கும்" என்றேன். அவன் என்னை முறைத்தான்.

 டீச்சர் காபியை வாங்கிக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் தலையசைத்தார். மாணவர்கள் தறியைப் பார்க்கலாமா என்று கேட்க, பெரியப்பா சந்தோஷமாகப் போய்த் தன் தறியின் துணியை விலக்கினார். முந்தானை பாதி முடிந்திருந்தது. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் அப்பா போய் ஸ்பீக்கரை நிறுத்தினார். வந்தவர்கள் இருந்த நேரம் முழுவதும் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

பஸ் வரைக்கும் நானும் போனேன். முத்துவேல் படிக்கட்டின் பக்கத்தில் நின்று, சிபாரிசுக் கடிதத்துக்கு இந்த மாதமே கடைசி என்று நினைவுபடுத்தினான். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டான்.

"நான் எழுதப் போவதில்லை" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "தொழிற்சாலை இல்லாதது குறையில்லை. விடுமுறையும் குறையில்லை. வேலை நாளா என்று மூன்று முறை கேட்டேன். நீ பார்க்காமலே உறுதி சொன்னாய். தெரிந்த பிறகும் எனக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவனை இன்னொருவரிடம் நான் அனுப்ப முடியாது."

பஸ் கிளம்பியது. முத்துவேல் இடுப்பை வளைத்துக் குனிந்தான். பஸ் பெட்ரோல் பங்க் தாண்டித் திரும்பும்வரை அப்படியே நின்றான். டீக்கடையில் இருந்த ஒருவர், "இன்னாப்பா, எதுனா கீழ வுயிந்துட்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேட்டார்: "எழுதித் தரேன்னாங்களா?"

"இல்லப்பா."

"ஏண்டா? நல்லாத்தான பேசிகினு இருந்தாங்க?"

நான் அங்கேதான் இருந்தேன். முத்துவேல் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தறி ஓடல இல்ல, அதனாலதான். நீ ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தா எழுதிக் குடுத்திருப்பாங்க."

பெரியப்பாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இல்ல பெரியப்பா, அதுக்காக இல்ல" என்று நான் ஆரம்பித்தேன். "அவங்க சொன்னது..."

"நீ சும்மா இரும்மா" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. "பெத்தவன்கிட்ட பொய் சொல்லுவானா?"

அடுத்த மாதம் சித்திரை அமாவாசை. நான் எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெருவே அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு தறியின் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். சாமி அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, பெரியம்மா மூலையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் அப்பா பாயை விரித்தார், படுக்கவில்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முத்துவேல் உள் அறையில் படுத்துக்கொண்டு போனில் வேறு ஏதோ நாட்டுக் கல்லூரி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய் நெசத்த சொல்லுங்கண்ணா" என்றேன். "உங்களுக்காகத்தான் ஓட்டறாரு. இனிமே யாரு வருவாங்க பாக்க? அவர நிறுத்தச் சொல்லுங்க."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓடட்டும் வுடு" என்றான். "இப்பதான் ஒரு சிஸ்டத்துக்கு வந்துகினு கீறாரு."